மாதம் ஒரு ஊசி, தேதி தவறாத ஒரு மருந்துக்கடை

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் எனக்குத் தையல் கடை. நான்கு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏ.சி. எதுவும் கிடையாது. முன்னால் ஒரு மரப் பெஞ்சு, உள்ளே அண்ணாச்சி, உதவிக்கு ஒரு பையன், சொல்லி வைத்தால் வீட்டுக்கே வந்து ஊசி போடும் ஒரு சிஸ்டர். இந்தக் கடையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "பேரு எதுக்கும்மா? எழுதணும்னா அந்த வியாதியப் பத்தி எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். அதனால் பெயர் இல்லாமல், அவர் சொன்னபடி அம்மாவுக்கு வந்த வியாதியையும் சேர்த்தே எழுதுகிறேன்: வைட்டமின் பி12 உடம்பில் சேராமல் போகிற பெர்னிஷியஸ் அனீமியா.

அம்மாவுக்கு இப்போது 74 வயது. அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடையில் காஜா எடுப்பது, கொக்கி கட்டுவது, ஹெம்மிங் எல்லாம் அம்மா கைதான். மிஷின் காஜா வந்த பிறகும் பட்டுப் பிளவுஸ் என்றால் அம்மாவிடம்தான் கொடுப்பேன். 2022-இல் கோடை முடியும் நேரம், ஊசியில் நூல் கோக்க அம்மா திணறுவதைப் பார்த்தேன். கண்தான் என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றினோம். புதுக் கண்ணாடி வந்தும் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நாள் அம்மாவே சொன்னாள்: "ஏட்டி, கண்ணு நல்லாத்தான் தெரியுது. நூலு விரல்ல இருக்கா, நழுவிட்டான்னுதான் தெரிய மாட்டேங்கு."

அப்புறம் கால். பஞ்சு மூட்டை மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடக்கும், அது தெரியாமல் வீடு வரை வந்துவிடுவாள். காலையில் முகம் கழுவும்போது கண்ணை மூடினால் ஒரு பக்கமாகச் சாய்வாள். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் முகம் கழுவப் பழகிவிட்டாள். அதையெல்லாம் நான் வயசு என்றே எடுத்துக்கொண்டேன். மீன் குழம்பில் காரம் தாங்கவில்லை, வாய் எரிகிறது என்று சொன்னபோது மிளகாய்த்தூள் அரைத்த மில்லை மாற்றினேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கிடந்து அடிக்கிறது.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.4. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். "ரத்தம் கம்மி, வயசானவங்களுக்கு சகஜம்" என்று இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் விடாமல் சாப்பிட்டாள். ஹீமோகுளோபின் 8.9 ஆனது. சரி, மருந்து கேட்கிறது என்று நாங்கள் நிம்மதியானோம். கால் மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. பிற்பாடுதான் காரணம் தெரிந்தது. பி12 குறையும்போது ஃபோலிக் ஆசிட்டை மட்டும் கொடுத்தால் ரத்தம் ஓரளவு ஏறிக் காட்டும், ஆனால் நரம்பு கெடுவது நிற்காது. ரத்தம் ஏறுவதால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமும் வராது. அந்த நான்கு மாதத்தில் எடுத்த மூன்று ரிப்போர்ட்டிலும் எம்.சி.வி. என்ற வரி தடித்த எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு இருந்தது. முதல் ரிப்போர்ட்டில் 118. ரத்தச் சிவப்பணு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று சொல்லும் எண் அது. 80-க்கும் 100-க்கும் நடுவில் இருக்க வேண்டும். வெறும் இரும்புச்சத்துக் குறைவு என்றால் அணு சிறுத்துப் போகும். அம்மாவுக்குப் பெருத்திருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய யாரும் அந்த நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. நானும்தான்.

தசராவுக்குச் சப்பரம் பார்க்கப் போன இடத்தில் தெரு விளக்கு அணைந்து ஒரு நிமிஷம் இருட்டானது. நின்ற இடத்திலேயே அம்மா விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை, அது ஆண்டவன் புண்ணியம். மறுநாளே ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா ரிப்போர்ட்டை வாங்கும் முன்பே "ஆச்சி, நாக்க நீட்டுங்க" என்றார். அம்மா நீட்டினாள். நாக்கு சொரசொரப்பே இல்லாமல் சாட்டின் துணி மாதிரி வழவழவென்று, செக்கச்செவேல் என்று இருந்தது. கண்ணில் லேசான மஞ்சள். அப்புறம் ஒரு இசைக் கவையைத் தட்டி அம்மாவின் கணுக்கால் எலும்பில் வைத்தார். "அதிருதா ஆச்சி?" "என்னது அதிரணும்?" முழங்காலில் வைத்தபோதுதான் "ஆமா, இப்ப ஒரு மாதிரி ரீங்காரம் கேக்கு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். மூடிய உடனே சாய்ந்தாள், நான் பிடித்துக்கொண்டேன். தைராய்டு மாத்திரை பன்னிரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறாள் என்று சொன்னதும் டாக்டரம்மா அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார். உடம்பின் காவல்காரனே உடம்பைத் தாக்குகிற வகை வியாதிகள் இவை, ஒன்று இருந்தால் இன்னொன்றும் கூட வர வாய்ப்பு உண்டு என்று விளக்கினார்.

பி12 அளவு 94 வந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைவு. அதன் பிறகு, வயிற்றில் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற பொருளை உடம்பே எதிர்க்கிறதா என்று பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனை, குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பி. வயிற்றின் உள்சுவர் மெலிந்து போயிருந்தது. வியாதியின் பெயர் பெர்னிஷியஸ் அனீமியா.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. பி12 சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குத்தான் குறையும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் சாளையோ நெத்திலியோ உண்டு, முட்டை உண்டு, ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு. டாக்டரம்மா சொன்ன விளக்கத்தை இன்று வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ரேஷன் கடையில அரிசி மூட்ட மூட்டையா இருக்கு. உங்க கையில கார்டு இல்லன்னா ஒரு கிலோ கிடைக்குமா? மீன், கறியில இருக்க பி12தான் அரிசி. வயித்துச் சுவர்ல சுரக்கிற இன்ட்ரின்சிக் ஃபேக்டர்தான் கார்டு. அத ஒட்டிக்கிட்டுப் போனாத்தான் சிறுகுடலோட கடைசிப் பகுதியில உள்ள விடுவாங்க. அம்மாவோட உடம்பு தன் கார்டத் தானே கிழிச்சுப் போட்டுருச்சு."

இதைக் கேட்ட பிறகும் சொந்தக்காரர்கள் விடவில்லை. அத்தை சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், வாங்கி வந்து வதக்கிக் கொடுத்தாள். மைனி முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்தாள். எல்லாம் பாசத்தில் செய்வதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, பி12 கிடையாது. கீரை, காய், பழம் எதிலுமே கிடையாது. சுவரொட்டியில் இருந்தாலும் அம்மாவுக்குக் கார்டு இல்லை.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி, பெரியாஸ்பத்திரியிலேயே போட்டார்கள். அப்புறம் நான்கு வாரத்துக்கு வாரம் ஒன்று. அதன் பிறகு மாதம் ஒன்று, ஆயுசுக்கும். மாதா மாதம் அம்மாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி, வரிசையில் நிறுத்தித் திரும்புவதற்குள் என் கடையில் அரை நாள் போய்விடும். அந்த வார ஊசிக் காலத்தில்தான் சீட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

சீட்டை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். மெத்தில்கோபாலமின் என்ற பி12 மருந்து 1000 மைக்ரோகிராம், தசையில் போடுவது. "எதுக்கும்மா, சத்து ஊசியா, வியாதிக்கா?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "அப்ப இது நிக்கக் கூடாத ஊசி" என்று சொல்லி, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்தார். பால் கணக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி நோட்டு. அம்மா பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி டாக்டர் எழுதிய மருந்து, அளவு, தேதி எல்லாம் எழுதினார். அந்த நோட்டில் அப்போதே முப்பது, முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். பாதிப்பேர் வயதானவர்கள். இன்சுலின், எலும்பு ஊசி, பி12 என்று ஆளுக்கு ஒரு பக்கம்.

அன்றைக்கு 1000 மைக்ரோகிராமில் தனி மெத்தில்கோபாலமின் அவரிடம் இருப்பில் இல்லை. வேறு வைட்டமின்கள் சேர்ந்த கலவை ஊசிதான் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அவர் கொடுக்கவில்லை. சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு டாக்டரம்மாவிடம் கேட்டார். தனி மருந்துதான் வேண்டும் என்று அவர் சொன்னதும் பையனைத் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு அனுப்பி வாங்கி வரச் செய்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மருந்து கைக்கு வந்தது. எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இதன் அருமை வெளியூரில் தெரிந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய் அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கியபோது அம்மாவின் ஊசித் தேதி வந்துவிட்டது. அங்கே ஒரு பெரிய மருந்துக்கடையில் சீட்டைக் காட்டினேன். "இதுவும் பி12தான்" என்று ஒரு ஊசியை எடுத்து வைத்தார்கள். அங்கேயே கவுன்டருக்குப் பின்னால் நிறுத்திப் போட்டுவிடவும் தயாராக இருந்தார்கள். போடவந்த பையன் கையைக் கூடக் கழுவவில்லை. நான் வெளியே வந்து அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். "அட்டையில உள்ளத அப்படியே படிங்க" என்றார். படித்தேன். பி1, பி6, கூட பி12, அதுவும் 500. "டாக்டர் எழுதுனது 1000. பி1 சேந்த ஊசி எங்கேயோ ஒருத்தருக்கு ஒத்துக்காம மூச்சு முட்டும், அதயெல்லாம் ஆஸ்பத்திரியில வச்சுத்தான் போடணும். வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரியில சீட்டக் காட்டி அங்கனயே போட்டுக்கிடுங்க" என்றார். அப்படியே செய்தோம். அந்த போனால் அவருக்கு ஒரு பைசா வியாபாரம் கிடையாது.

மருந்து வைக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். கடை மேற்கு பார்த்தது. மதியத்துக்கு மேல் வெயில் நேராக அலமாரியில் அடிக்கும். பி12 மருந்துக்கு வெளிச்சம் ஆகாது, வெயில் பட்டால் கெட்டுப்போகும். அதற்காகத்தான் பழுப்பு நிறக் கண்ணாடியில் அடைத்து வருகிறது. அண்ணாச்சி அதை அலமாரியில் அடுக்குவதே இல்லை, அட்டைப் பெட்டியோடு கீழே மர டிராயரில் வைக்கிறார். கொடுக்கும்போதும் அட்டையைப் பிரிக்காமல் கொடுத்து, காலாவதித் தேதியை நம்மையே வாசிக்கச் சொல்வார்.

ஊசி அவர் போட மாட்டார். "நான் மருந்துக்குத்தான் படிச்சேன், ஊசிக்குப் படிக்கல" என்பார். சிஸ்டர் ஒரு ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்தால் முதலில் நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவுவார். அப்புறம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, இன்னைக்கு இடது காலு, போன மாசம் வலதுல போட்டோம்" என்பார். அது நோட்டிலும் இருக்கும். அம்மா மெலிந்த உடம்பு, கையில் தசை இல்லை. அதனால் தொடையின் வெளிப்பக்கத்தில்தான் போடுகிறார்.

அந்த ஆம்ப்யூலை அவர் உடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கழுத்துக்கு மேலே தங்கிய மருந்தை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் கீழே இறக்குவார். பஞ்சைச் சுற்றி, பெருவிரலை வெள்ளைப் புள்ளிக்கு மேல் வைத்து ஒரே மடக்கு. டக் என்று சின்னச் சத்தம். சிரிஞ்சில் ஏறும்போது மருந்து மாதுளைச் சாறு நிறத்தில் இருக்கும். அடுத்த மூச்சுக்குள் ஊசி போட்டாகிவிடும், மருந்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்க மாட்டார். போட்ட இடத்தைத் தேய்க்காமல் பஞ்சை அழுத்திப் பிடித்திருப்பார். ஊசியை மூடி போடாமல், அவரே கொண்டுவரும் கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுபோய்விடுவார். எங்கள் வீட்டுக் குப்பையில் இதுவரை ஒரு ஊசி விழுந்ததில்லை. குப்பை அள்ள வருகிற அக்காவின் கையை நினைத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

செலவு ரொம்ப இல்லை. மருந்தும் சிரிஞ்சும் சேர்த்து நூறு ரூபாய்க்குள், சிஸ்டருக்கு ஐம்பது. வருஷத்துக்கு இரண்டாயிரத்தைத் தொடாது. இதற்கு வைத்தியமே இல்லாத காலத்தில் இந்த வியாதி வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்ததில்லை. பெர்னிஷியஸ் என்ற பெயருக்கே நாசம் பண்ணுகிற என்றுதான் அர்த்தமாம். இதையும் அண்ணாச்சிதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சொன்னார். 1926-இல் அமெரிக்காவில் மைனாட், மர்பி என்று இரண்டு டாக்டர்கள், நோயாளிகளைத் தினமும் நூறு, இருநூறு கிராம் ஈரல் சாப்பிட வைத்துப் பிழைக்க வைத்தார்கள். விப்பிள் என்ற இன்னொருவரோடு சேர்த்து 1934-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் இருந்த அந்தச் சிவப்புப் பொருளைத் தனியாகப் பிரித்து எடுத்தது 1948-இல்தான். அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "கார்டு இல்லாம அவங்களுக்கு மட்டும் எப்படி உள்ள போச்சு?" கார்டு இல்லாமலும் நூற்றில் ஒரு பங்கு போலக் கசிந்து உள்ளே போகுமாம். ஈரலில் பி12 அவ்வளவு குவிந்து கிடப்பதால் கசிந்ததே உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதே கணக்கில்தான் சிலருக்கு ஊசிக்குப் பதில் தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் பத்து உள்ளே போனாலும் நம் ஒரு நாள் தேவையைவிட அது அதிகம். அம்மாவுக்கு நரம்பு வரை கெட்டிருந்ததால் ஊசிதான் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார்.

நோட்டின் அருமை 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெரிந்தது. அம்மாவின் தேதி 18. பதினேழாம் தேதியும் பதினெட்டாம் தேதியும்தான் நம் பக்கம் அந்தப் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். சிஸ்டர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். கரன்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. எனக்குப் பயம், தேதி தவறினால் பழைய நிலைமைக்கு அம்மா போய்விடுவாளோ என்று. பத்தொன்பதாம் தேதி காலையில் கடை ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே அண்ணாச்சி அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் போன் போட முயன்றுகொண்டிருந்தார். இன்சுலின்காரர்களுக்கு முதலில். என்னைப் பார்த்ததும், "ஆச்சிக்கு நாலு நாள் தள்ளிப்போனா ஒண்ணும் ஆகாது, நீங்க பயப்படாதீங்க. இன்சுலின்தான் நிக்கக் கூடாது" என்றார்.

அதற்கு அவர் சொன்ன காரணம்தான் இந்த வியாதியின் சூட்சுமமும்கூட. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். ஈரல் சேர்த்து வைத்திருப்பது ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம். ஒரு வருஷமாக ஊசி போட்டு அம்மாவின் கிட்டங்கி ஓரளவு நிரம்பியிருந்தது, நாலு நாளில் காலியாகாது. அதே கிட்டங்கிதான் ஆரம்பத்தில் நம்மை ஏமாற்றுகிறது. வயிறு பி12-ஐ உள்ளே விடுவதை நிறுத்திச் சில வருஷம் வரைக்கும் வெளியில் ஒன்றும் தெரியாது. இருப்பை எடுத்துத் தின்றுகொண்டே இருக்கும். தெரிய ஆரம்பிக்கும்போது வயசு எழுபது, எல்லாவற்றுக்கும் வயசு என்ற பெயர் தயாராக இருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி சிஸ்டர் வந்தார். அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து கட்டில், பீரோ எல்லாம் போயிருந்தது. ஊசிப் பையை மட்டும் பரணில் தூக்கி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அம்மா அவரை உட்காரவைத்துச் சோறு போட்டுத்தான் அனுப்பினாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. மதியம் ஒன்றரைக்கு மூடினால் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள், அந்த நேரத்தில் அவசரம் என்றால் வேறு கடைக்குத்தான் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் வர மாட்டார். பில் கையால் எழுதுவது, எழுத்து புரியாது. ஆபீஸில் மருத்துவச் செலவு எழுதி வாங்குகிறவர்கள் தெளிவாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில ரகங்கள்தான் இருப்பில் இருக்கும், மற்றதற்கு ஒரு நாள் முன்பே சொல்ல வேண்டும். சிஸ்டருக்கும் வயசாகிறது, அவருக்குப் பிறகு யார் என்று அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன். ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். என்னைக் கேட்டால் இதுதான் அந்தக் கடையின் பெரிய குறை, சீக்கிரம் சரி பண்ண வேண்டியது.

அவர் மருந்தை விற்பதற்காகப் பேசுகிறவர் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எதிர்வீட்டு டீச்சரம்மா ஓய்வு பெற்றவர். பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கூடவே நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை, அதை அண்ணாச்சி கடையில்தான் வாங்குவார். உள்ளங்கால் எரிகிறது என்று அவர் சொன்னபோது எல்லோரும் சர்க்கரை என்றுதான் சொன்னோம். அண்ணாச்சிதான், "மெட்ஃபார்மினும் இந்த கேஸ் மாத்திரையும் வருசக்கணக்கா எடுத்தா பி12 குறைய வாய்ப்பு இருக்கு. நீங்களா எதயும் நிறுத்தாதீங்க, டாக்டர்ட்ட ஒரு தடவ பி12 பாக்கச் சொல்லிக் கேளுங்க" என்றார். பார்த்ததில் அவருக்கும் குறைவு. அவருக்குக் கார்டு இருக்கிறது, ஊசி தேவைப்படவில்லை, மாத்திரையிலேயே ஏறிவிட்டது. கேஸ் மாத்திரையையும் டாக்டர் குறைத்துவிட்டார். அண்ணாச்சிக்கு மாதம் ஒரு அட்டை வியாபாரம் போனது.

அம்மாவின் நிலைமையைச் சொல்கிறேன், இதே நிலையில் வீட்டில் ஆள் வைத்திருப்பவர்களுக்கு எப்போது என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிய வேண்டும். முதல் வாரத்திலேயே முகம் தெளிந்தது, பசி வந்தது. நாக்கு எரிச்சல் ஒரு மாதத்துக்குள் போய்விட்டது, மீன் குழம்பில் பழைய காரம் திரும்பியது. இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டது. நடுவில் புது ரத்தம் வேகமாக ஊறியதில் இரும்பு போதாமல் போய், கொஞ்ச நாள் இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். நரம்புதான் ரொம்ப மெதுவாக வந்தது. முதல் மூன்று மாதம் ஒரு மாற்றமும் தெரியாமல் நான் அழுதிருக்கிறேன். ஆறாவது மாதம் ஒரு நாள் காலையில் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி முகம் கழுவினாள். நான் பல் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவள் கவனிக்கவே இல்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி போடப் போய்விட்டாள்.

எல்லாம் திரும்பவில்லை. கால் விரல்களில் இன்னும் மரத்த உணர்வு இருக்கிறது, அது அப்படியே நின்றுவிடும் என்றுதான் டாக்டரம்மா சொல்கிறார். ரொம்ப நாள் தாமதமானால் அப்படித்தான். இருட்டில் தனியாக விட மாட்டேன், பாத்ரூம் வழியில் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. வயிற்றுச் சுவர் மெலிந்தவர்களுக்குப் பின்னாளில் வயிற்றில் கட்டி வர மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பதால் டாக்டரம்மா அதையும் கவனித்து வருகிறார்.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ், அரக்குப் பட்டு. கொக்கி கட்ட ஆள் வரவில்லை. அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நூலை வாயில் வைத்து நுனியை ஈரப்படுத்தி, ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை நூல் காதுக்குள் நுழைந்ததும் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தடவிப் பார்த்து, நுனியைப் பிடித்து இழுத்தாள். ஏழு கொக்கி கட்டினாள். ஒன்று கொஞ்சம் கோணல், நான் பிரிக்கவில்லை.

கடைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மார்க் மதிய நேரத்துக்காகக் குறைத்தது. போகிறவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் போக வேண்டாம், சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார். பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், எம்.சி.வி. வரியை அவர் தேடிப் பார்ப்பார். அம்மாவுக்கு அடுத்த ஊசி வருகிற 18-ஆம் தேதி, வலது கால். நேற்றே பையன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.